பழைய அவுட்போர்டு எஞ்சினுக்குச் சூடு காட்டும் மீட்டர்: தண்ணீர் பீய்ச்சினால் போதாதா?

கேள்வி, 14 ஜனவரி 2024

எங்கள் வள்ளத்தின் பின்னால் மாட்டியிருக்கும் அவுட்போர்டு எஞ்சின் 25 குதிரைச் சக்தி, டூ ஸ்ட்ரோக், வாங்கிப் பதினெட்டு வருஷம். மீட்டர், அலாரம் எதுவும் கிடையாது. மகன் டெம்பரேச்சர் மீட்டர் வைக்கலாம் என்கிறான். எனக்கு வீண் செலவு என்று படுகிறது. எஞ்சினின் பக்கவாட்டு ஓட்டையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு இருந்தால் எஞ்சின் குளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இதற்கு மேல் மீட்டர் எதற்கு? வைத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

14 ஜனவரி, இரவு

போதாது அண்ணே. அதை நம்பித்தான் போன அக்டோபரில் எங்கள் எஞ்சின் போனது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்களுடையது 9.9 குதிரை, இரண்டு சிலிண்டர். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்துக்குப் பக்கம் ஊர். எங்களுக்குத் துறைமுகம் இல்லை, கடப்புறத்திலிருந்தே வள்ளத்தைத் தள்ளி இறக்க வேண்டும். அன்றைக்கு அப்பாவும் சித்தப்பாவும் சாளை வலையோடு போனார்கள். திரும்பும்போது முட்டம் விளக்கு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எஞ்சின் சத்தம் கம்மி, இறுகி, நின்றுவிட்டது. நிற்கிற நிமிஷம் வரைக்கும் தண்ணீர் பீய்ச்சியது என்று இரண்டு பேருமே சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கழற்றிப் பார்த்தால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டரை மூடுகிற ஹெட்டுக்கு அடியில் வைக்கும் அடைப்பு) கருகியிருந்தது, மேல் சிலிண்டர் பிஸ்டனின் பக்கத்தில் ஆணியால் கீறினதுபோலக் கோடு கோடாக இருந்தது. போரிங், பிஸ்டன், ரிங், கேஸ்கட் எல்லாம் சேர்த்து 17,000 ரூபாய். பதினொரு நாள் கடலுக்குப் போக முடியவில்லை.

எப்படி என்றால், தண்ணீர் பம்ப் கீழே கியர் பெட்டிக்கு மேல் இருக்கிறது. அதில் இம்பெல்லர் என்கிற இதழ் இதழான ரப்பர் சக்கரம் சுற்றி, ஒரு குழாய் வழியாகத் தண்ணீரை மேலே தள்ளுகிறது. பல எஞ்சின்களில் அந்தப் பீய்ச்சும் ஓட்டைக்குப் போகிற கிளை, தண்ணீர் ஹெட்டைச் சுற்றி வருவதற்கு முன்னாலேயே பிரிந்துவிடுகிறது. ஆகவே அது பம்ப் வேலை செய்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். எங்கள் ஹெட்டுக்குள் இருந்த தண்ணீர்ப் பாதை உப்பும் மணலும் சேர்ந்து சுண்ணாம்பு அடித்ததுபோல அடைத்துக் கிடந்தது. மேலே போக வழியில்லாத தண்ணீர் பக்கத்தில் நன்றாகவே பீய்ச்சியது!

பீய்ச்சவில்லை என்றால் எஞ்சினை நிறுத்த வேண்டும், அதில் மாற்றம் இல்லை. பீய்ச்சுகிறது என்பதை வைத்து ஹெட் குளிர்ந்திருக்கிறது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

17 ஜனவரி

என்ன மீட்டர் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் நாகர்கோவிலில் எலக்ட்ரிகல் கடையில் வேலை பார்க்கிறேன், அதனால் நாலைந்து வகை கையில் எடுத்துப் பார்க்க முடிந்தது.

கார் மீட்டர் வேண்டாம். காரில் எஞ்சின் 80, 90 டிகிரியில் ஓடும், அதற்கேற்ப மீட்டரில் 40 முதல் 120 வரை போட்டிருப்பார்கள். நம் எஞ்சின் கடல்தண்ணீரையே உள்ளே இழுத்துக் குளிர்வது. கடல்தண்ணீரை 65, 70க்கு மேல் சூடாக்கினால் உள்ளே உப்புப் படிவது வேகமாகும். அதனால் அவுட்போர்டுகளில் தெர்மோஸ்டாட்டே (சூடானதும் திறந்து தண்ணீரை விடுகிற வால்வு) சீக்கிரம் திறக்கிறது: ஜப்பான் சிறிய டூ ஸ்ட்ரோக்குகளில் 48 முதல் 52 டிகிரிக்குள், பழைய ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்களில் 143 பாரன்ஹீட், அதாவது 62 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. நமக்குத் தெரிய வேண்டியது எல்லாம் 50க்கும் 75க்கும் நடுவில்தான் நடக்கிறது. கார் மீட்டரில் அந்த இடம் முள் எழுந்து நிற்கும் முன்பே முடிந்துவிடும்.

கார் மீட்டர்தான் வேண்டும் என்றால் சென்சாரையும் மீட்டரையும் ஜோடியாகவே வாங்குங்கள். அமெரிக்க மீட்டருக்கும் ஐரோப்பிய மீட்டருக்கும் சென்சாரின் ஓம் (மின்தடை) கணக்கு வேறு. மாற்றிப் போட்டால் ஏதோ ஒரு நம்பர் காட்டும், ஆனால் அது பொய்.

நான் எடுத்தது பிரிட்ஜ், மீன் தொட்டிக்குப் போடுகிற டிஜிட்டல் வகை. 12 வோல்ட், டபிள்யூ 1209 என்று கேட்டால் கொடுப்பார்கள், 150 ரூபாய்க்குள். 110 டிகிரி வரை காட்டும். அதிலேயே ஒரு ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) இருக்கிறது, நாம் வைக்கிற சூட்டில் பஸ்ஸரை அடிக்க வைக்கலாம். ஜிபிஎஸ்ஸுக்கும் லைட்டுக்கும் வள்ளத்தில் ஏற்கனவே பாட்டரி வைத்திருக்கிறோம், அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

சென்சாரை எங்கே வைப்பது? தண்ணீருக்குள் வைப்பதுதான் சரி. தண்ணீரின் சூடுதானே நமக்கு வேண்டும். ஹெட்டில் ஒரு ஓட்டை போட்டு டேப் அடித்து (மரை வெட்டி), சென்சாரை உள்ளே திருக வேண்டும். பட்டறையில் பேசியிருக்கிறேன்.

(பின்னால் சேர்த்தது: இந்தக் கடைசிப் பத்தி தப்பு. 3 மார்ச் குறிப்பைப் பாருங்கள்.)

21 ஜனவரி, ஞாயிறு

ஞாயிறு நாங்கள் கடலுக்குப் போவதில்லை, அதனால் பூசை முடிந்ததும் வேலையைத் தொடங்கினேன். ஹெட்டில் ஓட்டை போட லேத் பட்டறை அண்ணன் மறுத்துவிட்டார். "உள்ளே தண்ணிப் பாதை எங்க வளையுதுன்னு தெரியாம டிரில்ல வெச்சா, மக்கா, சிலிண்டர்லயே போய் நிக்கும்" என்றார். அவர் சொன்னது நியாயம்.

சரி, தற்காலிகமாக வெளியே வைப்போம் என்று தெர்மோஸ்டாட் மூடியின் ஒரு போல்ட்டைக் கழற்றி, அதன் கீழே சென்சாரைப் பிடித்துவைக்க நினைத்தேன். சின்ன எம் 6 போல்ட், 10 நம்பர் ஸ்பானர். லேசாகத் திருகினதும் நன்றாக இளகுவதுபோலத்தான் இருந்தது. அது இளகவில்லை, முறுகிக்கொண்டிருந்தது. அடுத்த கால் சுற்றில் தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. உடைந்த இடம் பளிச்சென்று வெள்ளை, மரையைச் சுற்றி மாவுபோல வெள்ளைத் தூள். அலுமினியத்துக்குள் ஸ்டீல் போல்ட்டைப் போட்டு உப்புத்தண்ணீரில் வருஷக்கணக்கில் வைத்தால் இரண்டும் ஒன்றாகிப்போகிறது.

திங்கள் விடியற்காலை வள்ளம் இறங்க வேண்டும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

22 ஜனவரி

லேத் அண்ணன் மிச்சமிருந்த தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்ட் பிடித்தார். அந்தச் சூட்டிலேயே பிடி விட்டு, ஸ்பானர் போட்டதும் கீச்சென்று வந்துவிட்டது. மரை பிழைத்துக்கொண்டது. போயிருந்தால் ஹெலிகாயில் (மரைக்குப் பதிலாக உள்ளே வைக்கும் கம்பிச் சுருள்) போட்டிருக்க வேண்டும்.

பழைய எஞ்சினில் கைவைக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். முந்தின நாள் இரவே போல்ட்டின் தலையைச் சுற்றி டீசலும் கியர் ஆயிலும் கலந்து சொட்டு விடுங்கள். காலையில் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் கழற்றுகிற பக்கம். இப்படி மாற்றி மாற்றி. இளகுகிறதா முறுகுகிறதா என்று கைக்குத் தெரியும் வரை அவசரம் கூடாது. திரும்பப் போடும்போது மரை முழுக்க கிரீஸ்.

இன்னொன்று, ஹெட் போல்ட்டுகளைத் தொடாதீர்கள். சென்சாரை அதன் அடியில் வைக்கலாம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அவற்றைக் கணக்காக முறுக்கித்தான் கேஸ்கட்டை உட்கார வைத்திருக்கிறது. ஒன்றைத் தளர்த்திவிட்டு அடியில் ஒரு தகடும் வைத்து முறுக்கினால் பிடி மாறிவிடும்.

28 ஜனவரி

சென்சாரை ஒட்டிவைத்து ஓட்டின முதல் வாரக் கணக்கு வந்துவிட்டது. நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு.

கரையில் எஞ்சினைத் தொடும் முன் 28. அரை வேகத்தில் பத்து நிமிஷம் ஓடின பிறகு 36. முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் 39, அதற்கு மேல் ஏறவே இல்லை. மீட்டர் பழுதோ என்று சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். இந்தச் சென்சார் 25 டிகிரியில் 10,000 ஓம், 50 டிகிரியில் சுமார் 3,600 ஓம். வெந்நீரில் முக்கினால் சரியாக இறங்குகிறது. மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது.

அப்புறம்தான் தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்தேன். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. எப்போதோ ஒரு மெக்கானிக் "இது இருந்தாத்தான் அடைக்கும்" என்று எடுத்துப் போட்டிருக்கிறார். அப்பாவுக்கு அது ஞாபகம்கூட இல்லை. எங்கள் கரையில் இன்னும் ஏழெட்டு எஞ்சினில் இதே கதை என்று விசாரித்தபோது தெரிந்தது.

சூடாகாமல் இருப்பது நல்லதுதானே என்று கேட்பீர்கள். பெட்ரோல் என்றால் கொஞ்சம் தாங்கும். மண்ணெண்ணெய் சூடு இல்லாமல் சரியாக ஆவியாகாது. பாதி எரியாமல் ஈரமாகவே போகும். எங்கள் பிளக் எப்போதும் கறுத்து நனைந்து இருந்ததற்கும், மெதுவாக வலை இழுக்கும்போது எஞ்சின் திக்கியதற்கும், அந்தப் புகைக்கும் நாங்கள் ரேஷன் மண்ணெண்ணெயைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

4 பிப்ரவரி, ஞாயிறு

தெர்மோஸ்டாட் புதிது ஒன்று, சித்தப்பா எங்கிருந்தோ கொண்டுவந்த பழையது ஒன்று. போடும் முன் இரண்டையும் சோதித்தோம். இதற்குப் பட்டறை வேண்டாம், அடுப்பங்கரை போதும். தெர்மோஸ்டாட்டின் நடு வால்வை விரலால் அழுத்தித் திறந்து, இடுக்கில் ஒரு நூலைக் கொடுத்து விட்டுவிடுங்கள், வால்வு நூலைக் கவ்விக்கொள்ளும். அந்த நூலிலேயே அதைப் பாத்திரத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, அடி தொடாமல் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் மீட்டரின் சென்சாரையும் போட்டு, தீயைச் சிறியதாக வையுங்கள். வால்வு திறக்கிற நேரம் நூல் விடுபட்டு, தெர்மோஸ்டாட் டக்கென்று அடியில் விழும். அந்த நிமிஷம் மீட்டர் என்ன காட்டுகிறதோ அதுதான் திறக்கிற சூடு.

அம்மா தேயிலை போடுகிற பாத்திரத்தில்தான் செய்தோம். அம்மா முதலில் திட்டினார்கள், அப்புறம் அவர்களே நூலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 43, 45, 47 என்று நான் சத்தமாகப் படிக்க, 49இல் புதியது விழுந்தது. பழையது 63 வரைக்கும் விழவில்லை, அதற்குமேல் நான் பார்க்கவில்லை. அதை அப்படியே போட்டிருந்தால் எஞ்சின் இரண்டாவது தடவையும் போயிருக்கும்.

பாத்திரத்தை அன்றைக்கே புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிட்டேன்.

11 பிப்ரவரி

தெர்மோஸ்டாட் போட்ட பிறகு: ஸ்டார்ட் செய்து நாலு நிமிஷத்தில் 50. அதன் பிறகு ஓட்டம் எப்படி இருந்தாலும் 49க்கும் 54க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. தெர்மோஸ்டாட் திறப்பதும் மூடுவதும் நம்பரில் அப்படியே தெரிகிறது. வலை இழுக்கும்போது, எஞ்சின் மெதுவாக ஓடுகையில் 54 தொடும். முழு வேகத்தில் 52.

பிளக் இப்போது காப்பித் தூள் நிறம். திக்கல் இல்லை. ஒரு ஓட்டத்துக்கு இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய் மிச்சமாகிறது என்கிறார் சித்தப்பா. நீவாடு (கடல் நீரோட்டம்), காற்று எல்லாம் சேர்ந்த கணக்கு அது, இதனால் மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

12 பிப்ரவரி

கேட்டவருக்கு: சென்சாரை அரால்டைட் வைத்து ஒட்டாதீர்கள். நான் ஒட்டினேன், ஒன்பதாவது நாள் சூட்டிலும் அதிர்விலும் விட்டுவிட்டது. தகரம் பூசிய செம்பு லக் (வயர் நுனியில் மாட்டும் வளையம்) ஒன்று வாங்கி, வயர் போகிற குழலுக்குள் சென்சாரை விட்டு, கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும், சூடு கடத்தும் வெள்ளைப் பேஸ்டைக் கொஞ்சம் வைத்து லேசாக நசுக்குங்கள். பலமாக நசுக்கினால் உள்ளே இருக்கும் சென்சார் மணி உடைந்துவிடும். லக்கின் வளையத்தைத் தெர்மோஸ்டாட் மூடிப் போல்ட்டின் அடியில் கொடுத்து முறுக்குங்கள். மேலே கிரீஸ். வெறும் செம்பு வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும்.

18 பிப்ரவரி

மீட்டர் நேற்று திடீரென்று 50, 91, 12, 50 என்று குதித்தது. எஞ்சினை நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. சென்சார் வயரைப் பிளக் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தேன், காரணம் அதுதான். இக்னிஷன் காயில் அடிக்கிற ஒவ்வொரு பொறியும் பக்கத்து வயரில் ஏறுகிறது. வயரை எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோய், இரண்டு இழையையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டேன். முக்கால்வாசி குறைந்தது. பிளக்கை ரெசிஸ்டர் வகைக்கு மாற்றினேன், பெயரில் கூடுதலாக ஒரு 'ஆர்' இருக்கும், அதோடு குதிப்பது நின்றுவிட்டது.

3 மார்ச்

17 ஜனவரி அன்று தண்ணீருக்குள் சென்சார் வைப்பதுதான் சரி என்று எழுதினேன். அது தப்பு. இன்றைக்கு வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

எது சரி என்று பார்க்க இரண்டு மீட்டர் வைத்திருந்தேன். ஒன்று மேலே சொன்ன லக்கில், ஹெட் இரும்பைத் தொட்டுக்கொண்டு. (இரும்பு என்பது பேச்சுக்கு, அது அலுமினியம்.) இன்னொன்று பீய்ச்சும் ஓட்டைக்குப் போகிற குழாயின் உள்ளே, தண்ணீரில் நனைந்துகொண்டு. வெள்ளிக்கிழமை நானும் கூடப் போனேன். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், பன்னிரண்டு பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) ஆழம் இருக்கும், கீழே ஏதோ உறிஞ்சினதுபோல எஞ்சின் சத்தம் மாறியது. மேல் மீட்டர் 52இலிருந்து 58, 64. தண்ணீர் மீட்டர் 46இலிருந்து கீழே இறங்குகிறது: 45, 43. அப்பா கேட்டார், "ஒண்ணு ஏறுது ஒண்ணு எறங்குது, எத நம்ப?" நான் எஞ்சினை நிறுத்தும்போது மேலே 71, கீழே 41. நிறுத்தின பிறகும் மேல் மீட்டர் 78 வரை ஏறித்தான் நின்றது.

எஞ்சினைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் இழுக்கிற சல்லடையைச் சுற்றி ஒரு பெரிய பிளாஸ்டிக் பை, ஜவுளிக்கடைப் பை, இறுக்கி ஒட்டிக்கொண்டிருந்தது.

என்ன நடந்தது என்றால், தண்ணீரே வராதபோது தண்ணீரின் சூட்டை எப்படி அளப்பது? குழாயில் சென்சார் காற்றில் நின்றது, காற்று குளிர்ந்ததைக் காட்டியது. தண்ணீர் நன்றாக ஓடுகிற வரைக்கும் அந்த மீட்டர் உண்மை சொல்லும். தண்ணீர் நின்றால் நமக்கு மீட்டர் தேவைப்படுகிற அந்த ஒரே நேரத்தில் அது கைவிட்டுவிடும். ஹெட்டுக்குள் திருகினாலும் அதே ஆபத்துதான், நுனி தண்ணீரில் இல்லாமல் ஆவியிலோ காற்றிலோ நிற்கும்.

ஆகவே உலோகத்தைத் தொடட்டும், அதுவும் மேலே. நம் எஞ்சின்களில் சிலிண்டர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. காற்றும் ஆவியும் சிக்கினால் உச்சியில்தான் போய் நிற்கும், மேல் சிலிண்டர்தான் முதலில் வேகும். எங்கள் பிஸ்டன் கீறியதும் மேல் சிலிண்டரில்தான்.

பையை எடுத்துவிட்டு உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. வெந்துகிடக்கிற ஹெட்டில் குளிர்ந்த தண்ணீர் திடீரென்று பட்டால் கோணிக்கொள்ளும். மீட்டர் 50க்கு வரும் வரை இருபது நிமிஷம் நீவாட்டில் மிதந்தோம். மீட்டர் இல்லாமல் இருந்திருந்தால் அந்த இருபது நிமிஷத்தை ஐந்து நிமிஷம் என்று நினைத்துக் கயிற்றை இழுத்திருப்போம்.

10 மார்ச்

சூடு பார்க்கும் துப்பாக்கி மீட்டர் போதாதா என்று ஒரு கேள்வி. என்னிடமும் இருக்கிறது. சுரண்டின பளபள அலுமினியத்தில் அடித்தால் 34 காட்டியது, கை வைத்தால் வைக்க முடியவில்லை. பளபளப்பான உலோகம் அந்தக் கதிரைச் சரியாக விடாது. அதே இடத்தில் கறுப்புப் பெயிண்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவு பொட்டு வைத்து அடித்தால் 51, லக் மீட்டரும் 51. கரையில் சோதிக்க நல்ல கருவிதான். கடலில் கவரைக் கழற்றிவிட்டு யார் நின்று அடிப்பது?

29 மார்ச், பெரிய வெள்ளி

இன்றைக்கு வள்ளங்கள் எல்லாம் கரையில். எழுத நேரம் கிடைத்தது.

அப்பாவுக்கு நம்பர் பிடிக்கவில்லை. நாற்பது வருஷமாக அவர் எஞ்சினைக் கை வைத்துத்தான் பார்க்கிறார். கவரைத் தூக்கி, ஹெட் மேல் உள்ளங்கையை வைத்து, உதட்டுக்குள் ஏதோ எண்ணுவார். நேற்று அவர் கையையும் மீட்டரையும் சேர்த்துப் பார்த்தேன். 50இல் அவரால் நாலு எண்ணும் வரை வைத்திருக்க முடிந்தது. 55இல் இரண்டு. 60இல் வைத்ததும் எடுத்துவிட்டார். அவர் எண்ணிக்கை ஒரு தடவைகூடப் பிசகவில்லை. இத்தனை வருஷமும் அவர் மீட்டர்தான் வைத்திருந்திருக்கிறார், எங்களுக்குத்தான் தெரியவில்லை. ஆனால் கவரைத் திறந்தால்தான் அந்த மீட்டர் வேலை செய்யும். அலையடிக்கும்போது திறக்க முடியாது, சுற்றுகிற மேக்னெட்டுக்குப் பக்கத்தில் கையை நீட்டுவதும் ஆபத்து.

அவரே ஒரு வழி சொன்னார்: "நம்பர் வேண்டாம், சத்தம் வேணும்." அதுவும் சரிதான். கரைக்கு வரும்போது, கடைசி மூன்று அலையில், எல்லோர் கண்ணும் பின்னால் வருகிற அலையில்தான் இருக்கும். அந்த நேரம் மீட்டரை யாரும் பார்க்க மாட்டார்கள். மணல் கலங்கின தண்ணீரை எஞ்சின் குடிப்பதும் அந்த நேரம்தான்.

7 ஏப்ரல்

பஸ்ஸர் வைத்தாயிற்று. மீட்டரின் ரிலேயை நம்பவில்லை, பாட்டரி இறங்கினால் இரண்டும் சேர்ந்து போய்விடும். தனியாக ஒரு பைமெட்டல் சுவிட்ச், 70 டிகிரியில் ஒட்டுகிற வகை, வாங்கும்போது 'நார்மலி ஓப்பன்' என்று கேட்டு வாங்க வேண்டும். அதை ஹெட்டின் மேல் ஒரு தகட்டால் அழுத்தி, தனி 9 வோல்ட் பாட்டரியில் பஸ்ஸர். மொத்தம் 120 ரூபாய்கூட ஆகவில்லை. பெரிய எஞ்சின்களில் கம்பெனியே இப்படி ஒரு சுவிட்ச் வைத்து அனுப்புகிறது. நம்முடைய பழைய சின்ன எஞ்சினுக்கு மட்டும் கிடையாது.

ஒரு விஷயம்: 70இல் ஒட்டினது 69இல் விடாது. 55 வரை இறங்கின பிறகுதான் விடும். சோதித்த அன்று "கெட்டுப்போச்சு, நிக்க மாட்டேங்குது" என்று சித்தப்பா வயரைப் பிடுங்கிவிட்டார். அவருக்குச் சொல்லாமல் விட்டது என் பிழை.

2 ஜூன்

பிப்ரவரியிலிருந்து அப்பா ஒரு நோட்டில், வலை விடும் இடத்தில் நின்று பார்த்த நம்பரை எழுதிவருகிறார். நான் சொல்லவில்லை, அவராகவே. நம்பர் வேண்டாம் என்றவர்தான்! இன்று வாங்கிப் பார்த்தேன். பிப்ரவரி முழுக்க 52, 53. மார்ச் கடைசியில் 54. ஏப்ரலில் 55. மே நடுவில் 57. நேற்று 59. சித்திரையில் கடல்தண்ணீர் 30 டிகிரி வரை போகும், அதனால் ஏறுகிறது என்று முதலில் நினைத்தேன். ஆனால் தெர்மோஸ்டாட் உயிரோடு இருந்தால் கடல் இரண்டு டிகிரி சூடானதற்கு ஹெட் ஆறு டிகிரி ஏறக் கூடாது. பம்ப் மேல்தான் சந்தேகம் வந்தது.

மதியம் கீழ்ப்பெட்டியை இறக்கினோம். இம்பெல்லரின் ஆறு இதழும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நிமிர மறுத்தது. நுனிகள் தேய்ந்து வட்டமாகியிருந்தன. அது சுற்றுகிற தகட்டில் கிராமபோன் தட்டு மாதிரி வளையம் வளையமாகக் கீறல், நகம் வைத்தால் மாட்டுகிறது. எல்லாம் மணல். கரையில் இறக்கி ஏற்றுகிற நமக்கு இம்பெல்லர் வருஷம் ஒன்று போதாது. இம்பெல்லரும் தகடும் மாற்றினதும் பழைய 52.

இத்தனை நாளும் பீய்ச்சுகிற தண்ணீரில் ஒரு வித்தியாசமும் யாருக்கும் தெரியவில்லை.

9 ஜூன்

தண்ணீர் பிரஷர் மீட்டர் வைக்கலாமே என்று மணக்குடியிலிருந்து ஒருவர். நல்ல யோசனை. பம்ப் தேய்வதும் பை ஒட்டுவதும் அதில் முதலில் தெரியும், சூடு ஏறும் வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் ஹெட் அடைத்தால் பிரஷர் குறையாது, சில நேரம் கூடவும் செய்யும். எங்களுக்கு நடந்தது அந்த வகை. இரண்டும் வைக்க வசதி உள்ளவர்கள் வையுங்கள். ஒன்றுதான் என்றால் நான் சூட்டைத்தான் வைப்பேன்.

28 ஜூலை

ஆனி, ஆடிக் கடலில் முதல் சென்சார் போய்விட்டது. வயருக்குள் உப்பு ஏறி, 50 இருக்க வேண்டிய இடத்தில் 66 காட்டியது, பஸ்ஸர் அடிக்கவில்லை. இரண்டும் தனித்தனி என்பதால்தான் எது பொய் என்று கண்டுபிடிக்க முடிந்தது. (அப்பா கையும் வைத்துப் பார்த்தார், நாலு எண்ணினார்.) இனி உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய்தான் போட வேண்டும், சாதாரணக் குழாய் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்கிறது. மீட்டர் பெட்டியின் ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கட்டும், வயர் ஒரு தொங்கல் விட்டு மேலே ஏறட்டும்.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்கள் கரையில் எஞ்சின் சத்தம் மாறினால் வீட்டுப் பெண்களுக்கும் தெரிகிறது. அம்மா இப்போது வள்ளம் வந்ததும் முதலில் மீனைக் கேட்பதில்லை, "இன்னைக்கு எத்தன?" என்று கேட்கிறார்கள்.

11 ஆகஸ்ட்

முதலில் கேள்வி கேட்ட அண்ணன் எழுதியிருக்கிறார், மகன் மீட்டர் வைத்துவிட்டான், 25 குதிரையில் 38 காட்டுகிறது, நல்லதுதானே என்று.

இல்லை அண்ணே, 28 ஜனவரி குறிப்பைப் பாருங்கள். உங்கள் தெர்மோஸ்டாட்டையும் யாரோ எடுத்திருக்கிறார்கள், அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது. வருகிற ஞாயிறு பூசை முடிந்து நானே வருகிறேன், புதியது ஒன்றும் நூலும் கொண்டுவருகிறேன், பாத்திரம் மட்டும் வீட்டில் கேட்டு வையுங்கள். மூடிப் போல்ட்டை அதற்கு முன் யாரும் தொட வேண்டாம். சனி இரவு டீசலும் கியர் ஆயிலும் கலந்து நாலு போல்ட்டுக்கும் சொட்டு விட்டு, மேலே ஒரு துணியை அதிலேயே நனைத்துப் போட்டு வைத்தால் போதும்.